தலையாட்டிய பெண்ணும் தடம் விழாத ஊரும்

மங்கையர்க்கரசி ஜெர்மன் படிக்கக் கால்ட்டன்ஸே ஊருக்கு வந்து சேர்ந்த பன்னிரண்டாம் நாள் காலையில், அவள் தங்கியிருந்த வீட்டுக்காரி ஹெட்விக் ஆய்க்னர் பால் வாங்கக் கடைக்குப் போனபோது, முழங்கால் ஆழத்துக்குக் கொட்டிக் கிடந்த புதுப் பனியில் அந்த அம்மாளின் காலடித் தடம் விழவில்லை. எழுபத்தைந்து வயசு, கனத்த பூட்ஸ், கையில் ஊன்றுகோல். அந்தக் கோலின் முனை மட்டும் புள்ளி புள்ளியாகப் பனியைக் குத்திக்கொண்டு போக, பக்கத்தில் ஆள் நடந்த அடையாளமே இல்லை. எதிர்ப்புறம் ரொட்டிக்கடை வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த லெய்ட்னர் நிமிர்ந்து பார்த்து, "என்ன ஹெட்விக், இன்றைக்கு நடை லேசாக இருக்கிறதே?" என்று கேட்டார். "நேற்று நன்றாகத் தூங்கினேன்" என்றாள் அவள். ஓஹோ, அப்படியா என்று அவர் மறுபடி பனி வாரத் தொடங்கினார்.

மங்கை கரூர்க்காரி. அப்பா திருநாவுக்கரசு பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். கோயமுத்தூர்க் கல்லூரியில் ஜெர்மன் எடுத்துப் படித்தவளை மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்ந்தெடுத்து, ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு வருஷம் ஆஸ்திரியாவுக்கு அனுப்பினார்கள். மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி, ஏரியை ஒட்டி ஊர், ஊருக்கு ஒரு தேவாலயம், ஒரு படகுத்துறை, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஆட வரும் விருந்தாளிகளுக்காக ஏழெட்டு விடுதிகள். வாரத்தில் நாலு நாள் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து பஸ்ஸில் வரும் உல்ரிக்கே என்ற ஆசிரியையின் ஜெர்மன் வகுப்பு, டிசம்பரில் ஒரு பரீட்சை. தேறினால் சான்றிதழோடு ஊருக்கு விமானம் ஏறலாம், தேறாவிட்டால் வெறுங்கையோடு ஏற வேண்டும். எப்படியும் ஏறிவிடலாம் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

தடம் விழாமல் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஹெட்விக் அம்மாள் மங்கையைச் சமையலறை மேஜைக்கு அழைத்து, சூடான சூப்பை முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினாள். பேசப் பேச மங்கையின் முகத்தையே பார்த்தாள், இடையில் ஒருமுறை ஜன்னலைக் காட்டினாள், பிறகு அழுதாள். மங்கைக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. அவள் படித்த புத்தக ஜெர்மனுக்கும் அந்த ஊர்ப் பேச்சுக்கும் உள்ள உறவு, செந்தமிழுக்கும் மீன் மார்க்கெட் தமிழுக்கும் உள்ள உறவுதான். புரியாவிட்டால் என்ன, வயசானவர்கள் மனம்விட்டுப் பேசும்போது பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பது மரியாதையா? மங்கை தலையை ஆட்டினாள். வலமும் இடமுமாக, லேசாகச் சாய்த்து, கரூரில் எல்லோரும் ஆட்டுகிற அதே ஆட்டல்தான். கேட்டுக்கிட்டிருக்கேன், மேலே சொல்லுங்க என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

ஆனால் கால்ட்டன்ஸேக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது தலையை அசைக்கிற வழக்கம் இல்லாதவர்கள். முழுக்கக் கேட்டு, யோசித்து, ஏற்றுக்கொண்டால் மட்டும்தான் அசைப்பார்கள். ஹெட்விக் அம்மாள் முப்பது வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவள். ரிஜிஸ்டர் தபாலுக்கு எதிராளி கையெழுத்துப் போட்டுவிட்டால் பொருள் கைமாறிவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். இந்தப் பெண் ஆட்டியது சம்மதமா மறுப்பா என்று ஒரு கணம் திகைத்தவள், முகத்தில் இருந்த பணிவைப் பார்த்துச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்ட அந்த நிமிஷமே சொன்னது அவளைவிட்டுப் போய்விட்டது. கன்னத்தில் ஈரம் இருந்தது, எதற்கு என்று தெரியவில்லை. வெங்காயம் நறுக்கியிருப்பேன் என்று துடைத்துக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு மங்கை தன் அறைக்குப் போக மாடிப்படி ஏறியபோது, மரப்படி ஒவ்வொன்றும் முனகியது.

இரண்டாவதாக வந்தவர் ரொட்டிக்கடை லெய்ட்னர். அவரும் மங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார், அவளும் தலையாட்டினாள், அவரும் மறுநாள் பனியின் மேல் இலவம்பஞ்சு மாதிரி நடந்தார். சும்மா சொல்லக் கூடாது, அன்றிலிருந்து அவர் கடை ரொட்டி நன்றாக இருந்தது. பிறகு மரமில்லில் கணக்கெழுதுகிறவர் வந்தார், அவர் மனைவி தனியாக வந்தாள், மனைவியின் தங்கை வந்தாள், பள்ளிக்கூடத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார், படகுத்துறைக்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஊரில் தடம் விழாதவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். பிப்ரவரி மாதக் கடைசியில் பனியில் தடம் இருந்தால் அது மங்கையுடையதாகவோ, நாய்களுடையதாகவோ, வகுப்பெடுக்க வரும் உல்ரிக்கேயுடையதாகவோதான் இருந்தது.

எதையும் ஒழுங்குபடுத்தாவிட்டால் ஆஸ்திரியாக்காரர்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஊர்சபை கூடியது. மேயர் தலைமையில் ஒன்றரை மணி நேரம் பேசி, மாணவியின் படிப்புக்கு இடைஞ்சல் வராதபடி, செவ்வாயும் வியாழனும் மூன்றிலிருந்து ஐந்து வரை, நூலகத்தின் பின்னறையில், முன்பதிவு செய்துகொண்டு வரலாம் என்று தீர்மானம் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதற்கு 'மொழிப் பயிற்சி நேரம்' என்று பெயர் வைத்தார்கள். பொய்யும் இல்லை; வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஊர்க்காரர்கள் பேசிப் பழக்கம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதானே? பங்குச் சாமியாருக்கு மட்டும் கோபம், பாவசங்கீர்த்தனக் கூண்டு காலியாகக் கிடக்கிறதே என்று இரண்டு ஞாயிறு பிரசங்கத்தில் குறைப்பட்டுக்கொண்டார். மூன்றாவது ஞாயிறு குறைப்படவில்லை. இடைப்பட்ட வியாழக்கிழமை நாலரை மணிக்கு அவர் பெயர் பதிவேட்டில் இருந்தது.

லேசாகிப்போன ஊர் அதற்கேற்பப் பழகிக்கொண்டது. மலைக்காற்று அடிக்கிற நாளில் பைகளில் கூழாங்கல் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். தேவாலயத்துப் பாடகர் குழு உச்சஸ்தாயியை எட்டிப்பிடித்தது. பதினைந்து வருஷம் முகம் பார்க்காத அண்ணன் தம்பி இருவர், எதற்குச் சண்டை போட்டோம் என்பதே ஞாபகமில்லாமல் ஒரே மேஜையில் பீர் குடித்தார்கள். கிழவர் ஒருவர் செத்துப்போனபோது சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் தரையிலிருந்து நாலு விரற்கடை மேலே போனதாகவும், சாமியார் "மெதுவாக, மெதுவாக" என்று அதட்டியதாகவும் சொல்கிறார்கள். குழிக்குள் இறக்கத்தான் சிரமப்பட்டார்களாம்.

அவர்கள் இறக்கிவைத்த பாரமெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்கிறீர்களா? மங்கையின் உடம்பு ஒரு சுற்றும் பெருக்கவில்லை, அதே சுடிதார்தான், அதே இடுப்புத்தான், ஆனால் உட்கார்ந்த நாற்காலி உடைந்தது. வகுப்பில் அவளுக்கென்று இரும்பு முக்காலி போட்டார்கள். ஹெட்விக் அம்மாள் தச்சரைக் கூப்பிட்டு, மாடியறைக்குக் கீழே ஒரு உத்தரத்தை முட்டுக் கொடுத்தாள். படகுத்துறைக்காரர், நீ மட்டும் படகில் ஏறாதே அம்மா என்று அன்பாகக் கேட்டுக்கொண்டார். அவள் ஏறினால் பஸ்ஸின் ஒரு பக்கம் தாழ்வதைப் போனில் அப்பாவிடம் சொன்னபோது, அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"ஒரு ஓரமா உக்காந்தீன்னா அப்படித்தான் கண்ணு இழுக்கும். பின்னாடி ஆக்ஸிலுக்கு நேர் மேல நடு சீட்டுல உக்காரு. எவ்வளவு லோடுன்னாலும் அது தாங்கும்."

"சரிங்கப்பா."

"என்ன லோடு அம்மணி அது? யாருது?"

"ஊர்க்காரங்க சொல்றதுங்கப்பா. இன்னும் முழுசாப் புரியலை."

புரியாமல் இருந்தவரைக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. கட்டின கட்டு பிரிக்காமல் எத்தனை மூட்டையையும் சுமக்கலாம். ஆனால் அவள் அந்த ஊருக்கு வந்ததே பாஷை படிக்க. படித்தாள், நன்றாகவே படித்தாள். பகலில் உல்ரிக்கே கரும்பலகையில் ஒரு புது வார்த்தை எழுதுவாள், உடனே மங்கையின் வயிற்றுக்குள் எங்கேயோ ஒரு மூட்டை அவிழும். தம்பி பங்கை ஏமாற்றி எழுதி வாங்கியது அவிழ்ந்தது. மனைவியின் தங்கையோடு இருந்தது அவிழ்ந்தது. படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு மருந்தைக் கொடுக்காமல் தள்ளிப்போட்டது அவிழ்ந்தது. சில்லறைப் பாவங்கள், எந்த ஊரிலும் உள்ளவைதான். எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை அரிசி எடைகூட வராது. மிச்ச பாரம் என்ன, ஒரு பஸ்ஸையே சாய்க்கிற பாரம் என்ன என்று, கோடை முழுக்க ஏரிக்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அந்தக் கள்ளமில்லாத ஜனங்களைப் பார்த்துப் பார்த்து அவள் யோசித்தாள்.

செப்டம்பரில் ஊர்ப்பேச்சு காதுக்குப் பிடிபட்டது. பிடிபட்டதும் மீதி மூட்டைகளும் அவிழ்ந்தன. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நாளில் வந்து சொன்னது எல்லாமே ஒரே சாயங்காலத்தைப் பற்றியது.

டிசம்பர் ஐந்தாம் தேதி அந்தப் பக்கத்து ஊர்களில் கிராம்புஸ் என்கிற பேய் வருகிற நாள். வாலிபர்கள் ஆட்டுத்தோலை உடுத்தி, கொம்பு வைத்த மரமுகமூடி மாட்டி, இடுப்பில் மணியும் கையில் சங்கிலியுமாக, பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகப் போய்க் கதவை இடிப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே பயப்படுவார்கள். தட்டினால் திறக்கக் கூடாது, அதுதான் அன்றைய விளையாட்டு. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு சாயங்காலம், களவாக எல்லை கடத்திவிடுகிற ஏஜென்ட் ஒருவன் லாரியிலிருந்து மலைப்பாதையில் இறக்கிவிட்ட ஒரு பையன், மெல்லிய சட்டையும் கான்வாஸ் ஷூவுமாக, விளக்குகளைப் பார்த்து இந்த ஊருக்குள் இறங்கி வந்து, கதவு கதவாகத் தட்டினான். முதல் இரண்டு வீட்டுக்காரர்கள் கிராம்புஸ் என்று நினைத்தது நிஜம். அதற்குப் பிறகு யாரும் நினைக்கவில்லை. ஹெட்விக் ஆய்க்னர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், முகமூடி இல்லை, கறுத்த முகம், உதடு வெளுத்துப்போயிருந்தது, அவளையே பார்த்தது. அவள் திரையை இழுத்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். கடையின் பின்சுவரில் அடுப்புச் சூட்டுக்காகச் சாய்ந்து நின்றவனை லெய்ட்னர் விளக்குமாற்றைக் காட்டி விரட்டினார். பள்ளி ஆசிரியர் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தார், அந்தப் பக்கமும் ஒரு கண் தெரிந்தது, விலகிக்கொண்டார்.

காலையில் படகுத்துறைப் படியில் விறைத்துக் கிடந்தான். பனிச்சறுக்கு விருந்தாளிகள் வர ஒரு வாரம்தான் இருந்தது. அப்போது தீயணைப்புப் படையில் இருந்த இன்றைய மேயரும், படகுத்துறைக்காரரும், இன்னும் இருவரும், படகை மூடுகிற தார்ப்பாயில் அவனைச் சுற்றி, கல் கட்டி, ஏரி நடுவுக்குத் துடுப்புப் போட்டுப் போய்த் திரும்பி வந்தார்கள். சட்டைப்பையில் இருந்ததைச் சாமியாரிடம் கொடுத்தார்கள். ஒரு பொட்டலம், உள்ளே வெள்ளைச் சாம்பல், சுற்றியிருந்த செய்தித்தாளில் வட்ட வட்டமான எழுத்துகள். "உன் நோட்டுப் புத்தகத்தில் பார்த்தேன், அதே எழுத்து, அடுப்பில் போட்டுவிட்டேன்" என்று பிப்ரவரி மாதத்தில் சாமியார் சொல்லியிருந்தார், அவளும் தலையை ஆட்டியிருந்தாள்.

அது அவிழ்ந்த அன்றைக்கு மங்கை படுக்கையைவிட்டு எழவில்லை. தமிழ்ப் பையன். அவன் முகத்தின் ஜாடை தன் முகத்தில் இருந்ததால்தான் இத்தனை பேரும் தன்னைத் தேடி வந்திருக்கிறார்கள். அவனிடம் சொல்ல முடியாததை அவன் ஜாதியிடம் சொல்லிக் கைகழுவியிருக்கிறார்கள். தான் பூம்பூம் மாடு மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம் பொங்கியது. மறுநாள் சமையலறையில் ஹெட்விக் அம்மாளிடம் நேருக்கு நேர் கேட்டேவிட்டாள்.

"நீங்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டீர்கள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான், நீங்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்தீர்கள்."

"நானா?" ஹெட்விக் அம்மாள் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இல்லையே குழந்தை. குளிரில் நிற்கிற பையனை யாராவது அப்படிச் செய்வார்களா? எந்த ஊரில் நடந்தது இது?"

அவள் கண்ணில் நீர் தளும்பியது. நிஜமான நீர், ஒரு சொட்டு நடிப்பில்லை. அதுதான் மங்கைக்குப் பொறுக்கவில்லை.

பிறகு உல்ரிக்கேயிடம் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது வாக்கியத்திலேயே ஆசிரியை கையை நீட்டித் தடுத்தாள். அவள் கெட்டிக்காரி, வகுப்பின் முதல் வாரத்திலேயே இந்தத் தலையாட்டலைக் கவனித்து வைத்திருந்தவள், கழுத்தை நிமிர்த்தியபடி, "நான் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரி, மங்கை. இது என் ஊர் விஷயம் இல்லை" என்றாள். ஆனாலும் மனசு கேட்காமல் அவளை மரமில்லின் எடைமேடைக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, முள்ளைப் பார்த்துவிட்டு, விமானக் கம்பெனிக்குப் போன் போட்டாள். இந்த எடையோடு ஏற்ற மாட்டார்களாம். அப்பாவிடம் சொன்னால் அவர் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொள்வார், 'ம்' கொட்டித் தலையாட்டுவது போனிலேயே தெரியும்; ஆனால் போன வருஷம்தான் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. டிக்கெட் தேதி டிசம்பர் பதினாறு என்பதை மட்டும் சொன்னாள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி மத்தியானப் பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். ஐம்பத்தெட்டு வயசு, நீலக் குளிர்க்கோட்டு, அதற்குக் கீழே புடவைக் கரை, நெற்றியில் திருநீறு. பெயர் சிவயோகம். சூரிச்சில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. மூன்று மணிக்கு நூலகத்திலிருந்து வந்த மங்கை அவளைப் பார்த்தது ஏரிக்கரைக் கல்பெஞ்சில், கையில் ஒரு பையனின் போட்டோவோடு, பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தபோது.

"அம்மா, நீங்க தமிழா?"

சிவயோகம் திரும்பிப் பார்த்தாள். "ஓம் பிள்ளை. நீர் எவடம்? இந்தியாவோ?"

"கரூருங்க. இங்க படிக்கிறேன்."

மங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள், கல்பெஞ்சு அவளைத் தாங்கியது. போட்டோவில் இருந்த முகத்தை அவள் கேட்காமலே அறிந்திருந்தாள். சாவித் துவாரத்தில், ஜன்னலில், அடுப்புச் சுவரில், எட்டுப் பேருடைய கண்ணால் பார்த்த முகம்.

"என்ர தம்பி, கேதீஸ்வரன். பத்தொன்பது வயசு. மலையில நாலு பெடியளை இறக்கினவங்கள். மற்ற மூண்டு பேரும் அங்கால இறங்கித் தப்பிட்டாங்கள், இவன் இந்த ஊர் வெளிச்சத்தைப் பார்த்துப் போனவனாம். நான் ஒவ்வொரு வருஷமும் இந்த நாளுக்கு வந்து, வீடு வீடாப் படத்தைக் காட்டிக் கேப்பன். ஒருத்தரும் வாய் திறக்காயினம். கதவைச் சாத்துவினம், நிலத்தைப் பாப்பினம். ஆனா அந்த முகங்களில ஒரு கள்ளம் இருக்கும் பிள்ளை. அதைப் பாத்திட்டுப் போவன். இவைக்குத் தெரியும், இவன் இஞ்சதான் இருக்கிறான் எண்டு எனக்கு விளங்கும். அந்தக் கள்ளம்தான் எனக்கு அவன்." அவள் போட்டோவை மடியில் கவிழ்த்து வைத்தாள். "இண்டைக்கு எல்லாக் கதவும் திறக்குது. உள்ள வாங்கோ எண்டு கூப்பிட்டு, கோப்பி ஊத்தி, கேக் வெட்டித் தருகினம். படத்தைப் பாத்து, ஐயோ பாவம் எண்டு அழுகினம். ஒரு முகத்திலயும் ஒண்டும் இல்லை. துடைச்சுவிட்ட மாதிரிக் கிடக்கு. எனக்கு விசர் பிடிச்சிட்டுதோ? நான்தான் பிழையான ஊருக்கு இவ்வளவு காலமும் வந்தனோ?"

தன் தலையாட்டல் என்ன செய்திருக்கிறது என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. ஊரின் பாரத்தை மட்டுமா வாங்கினாள், இந்த அம்மாளுக்கு மிச்சமிருந்த ஒரே தடயத்தையும் அல்லவா வழித்து எடுத்துவிட்டாள். இனி சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் இவளும் தலையாட்டுவாள். தமிழச்சி, கேட்கும்போதே ஆட்டுவாள், தன்னையறியாமல் ஆட்டுவாள். ஆட்டினால் மங்கையிடமிருந்து அது போய்விடும், உலகத்தில் இந்த ஒரு பொம்பிளையைத் தவிர ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும், இவள் சொல்வதற்கு ஆமாம் என்று சொல்ல ஓர் ஆள்கூட இருக்க மாட்டார்.

ஆகவே அவள் நடந்தது எல்லாவற்றையும், தடம் விழாததில் தொடங்கி விமானக் கம்பெனிவரை, தன் பாரம் இன்னதென்று மட்டும் சொல்லாமல், சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "உங்க தம்பிக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும்மா. சொல்றேன். ஆனா நீங்க தலையாட்டக் கூடாது. ஆட்டினா எனக்கு மறந்துபோயிடும். ரெண்டு பேருக்குத் தெரியணும்மா. நாளைக்கு யார் கேட்டாலும் சாட்சி சொல்ல நான் இருக்கணும்."

மங்கை கையுறைகளைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாளின் முகத்தை இரண்டு உள்ளங்கையாலும், காதோடு சேர்த்து, அசையாதபடி இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு சொன்னாள். முதல் கதவு, இரண்டாம் கதவு, ஜன்னல் திரை, ரேடியோ, விளக்குமாறு, சாவித் துவாரம், ஒன்றையும் விடாமல், அவரவர் சொன்னபடியே தமிழில் சொன்னாள். கைகளுக்குள் அந்தத் தலை ஆடத் துடித்தது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் துடித்தது, அவள் விடவில்லை. படகுத்துறைப் படியைச் சொன்னபோது சூடான கண்ணீர் அவள் விரல் இடுக்கில் இறங்கியது. தார்ப்பாயைச் சொன்னாள், கல்லைச் சொன்னாள், துடுப்புப் போட்ட நாலு பேரைப் பெயரோடு சொன்னாள். ஏரியில் எந்த இடம் என்று, மேயர் அவளிடம் சொன்னபடியே, தேவாலயக் கோபுரமும் எதிர்க்கரை ஒற்றை ஊசியிலை மரமும் ஒரே கோட்டில் தெரிகிற இடம் என்று சொன்னாள். சாம்பல் பொட்டலத்தைச் சொன்னாள்.

"நல்லூர் விபூதி" என்றாள் சிவயோகம். "நான்தான் மடிச்சுக் குடுத்தனான்."

ஊருக்குள் முதல் சங்கிலிச் சத்தமும் சிறுவர்களின் கூச்சலும் கேட்டன.

"அப்ப நீர் எப்பிடி ஊருக்குப் போவீர்?"

"போகலைங்க. இங்கயே இருந்துக்குவேன்."

"அப்பா அம்மா?"

"அப்பா மட்டுந்தாங்க. வருவேன்னு பாத்துக்கிட்டிருப்பாரு." மங்கை பிடியைத் தளர்த்தவில்லை. "அதனால என்னங்க, உங்க தம்பியையும்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க."

அந்தச் சொல்தான் தப்பாகப் போயிற்று. சிவயோகம் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். காத்துக்கொண்டிருப்பது என்றால் என்னவென்று இருபத்தெட்டு வருஷமாகத் தெரிந்தவள் பார்த்தாள். பிறகு தன் கைகளை உயர்த்தி, மங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கன்னத்திலிருந்து பிரித்தாள். மங்கை பலமானவள்தான், ஆனால் அடுப்பங்கரையில் அண்டா தூக்கிய கை அதைவிடப் பலமாக இருந்தது.

"வேண்டாம்மா. அம்மா, வேண்டாம். ரெண்டு பேருக்குத் தெரியணும்."

"உமக்கு ஒரு கொப்பர் இருக்கிறார் பிள்ளை. இவன் என்ர தம்பி. நான் தூக்கிறன்."

சொல்லிவிட்டு அவள், நிதானமாக, அந்த ஊர்க்காரர்கள் மாதிரி முழுக்கக் கேட்டு யோசித்து ஏற்றுக்கொண்டவளாக, தலையை ஒருமுறை அசைத்தாள். கல்பெஞ்சு அவள் உட்கார்ந்திருந்த பக்கம் மண்ணுக்குள் ஒரு சாண் இறங்கியது.

மங்கைக்குக் கை குளிர்ந்தது. கையுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு இந்தக் குளிரில் என்ன செய்கிறோம் என்று தன்னையே கடிந்துகொண்டாள். பக்கத்தில் தெரியாத ஒரு அம்மாள், தமிழ் முகமாக இருந்தது, கையில் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மங்கைக்கு மிகவும் பாவமாக இருந்தது.

"அம்மா, நீங்க தமிழா? ஏங்க அழறீங்க? வீட்டுக்கு வாங்க, ஒரு காபி குடிச்சுட்டுப் போலாம். எங்க வீட்டம்மா ரொம்ப நல்லவங்க."

சிவயோகம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்து, மூச்சை அடக்கி, பெரிய பாரத்தோடு எழுகிறவள் மாதிரி எழுந்தாள். "ஒண்டுமில்லை பிள்ளை" என்றாள். "நீர் வீட்டை போம்." பஸ் நிறுத்தத்துக்கு அவள் போகவில்லை, ஏரியைச் சுற்றிப் போகிற பாதையில், ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நடந்தாள். மங்கை இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது முறை பார்க்கத் தோன்றவில்லை, வீட்டில் ஹெட்விக் அம்மாள் ஆப்பிள் கேக் செய்வதாகச் சொல்லியிருந்தாள்.

பதினோராம் தேதி பரீட்சை. எழுத்துத் தேர்வு முடிந்து, பேச்சுத் தேர்வுக்கு மாவட்டத் தலைநகரிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். மங்கை சாதாரண மர நாற்காலியில் உட்கார்ந்தாள். நீ தங்கியிருந்த ஊரின் மக்களைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசு என்றார்கள். அவள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை, ஊர்க்காரர்கள் தன்னோடு உட்கார்ந்து பேசிப் பேசியே இந்தப் பாஷையைச் சொல்லிக்கொடுத்ததை, அவர்கள் பாடுவதை, அவர்களின் ரொட்டியை, ஏரியைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "இவ்வளவு இரக்கமுள்ள மனிதர்களை நான் எங்கும் பார்த்ததில்லை. எப்பேர்ப்பட்ட குளிரிலும், யார் வந்து தட்டினாலும் கதவைத் திறப்பார்கள்" என்றாள். தேர்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உச்சரிப்பிலும் சரளத்திலும் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டார்கள்.